சுக்ர்

சுக்ர் என்பது நன்றி செலுத்துதலைக் குறிக்கும் அரபுச் சொல் ஆகும். இசுலாத்தில் இது, இறைவன் அளித்த அருட்கொடைகளை உள்ளத்தால் உணர்ந்து, நாவால் புகழ்ந்து, செயலால் வெளிப்படுத்துவதைக் குறிக்கிறது. இதற்கு எதிரான குஃப்ர் என்னும் சொல் நன்றி மறத்தல், இறைமறுப்பு ஆகிய இரு பொருளிலும் வழங்குகிறது. எனவே நன்றியுணர்வு நற்பண்பாக மட்டுமன்றி, இறைநம்பிக்கையின் கூறாகவும் கருதப்படுகிறது.

மூலங்கள்

நன்றி செலுத்துவோருக்கு அருள் மிகுதியாக்கப்படும் என்று குர்ஆன் (14:7) கூறுகிறது. நன்றியின் பயன் அதைச் செலுத்துபவரையே சேரும் என்பது 31:12 வசனத்தின் கருத்து. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் காணப்படுகிறது. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கசாலி, இஹ்யா உலூமித்தீன் என்ற நூலில் பொறுமையையும் நன்றியையும் ஒரே பகுதியில் ஆராய்ந்துள்ளார். அறிவு, மனநிலை, செயல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நன்றி என்பதும், அருட்கொடையைத் தகாத வழியில் பயன்படுத்துதல் நன்றிகேடு என்பதும் அவரது விளக்கம்.

அன்றாட வாழ்வில்

உணவு உண்ட பின்பும் தும்மிய பின்பும் "அல்ஹம்துலில்லாஹ்" (எல்லாப் புகழும் இறைவனுக்கே) எனக் கூறுவது வழக்கம். குழந்தை பிறந்த ஏழாம் நாளில் ஆடு அறுத்து உணவளிக்கும் அகீகாவும் நன்றியின் வெளிப்பாடே. நற்செய்தி கிடைத்தவுடன் செய்யும் சிரவணக்கம் சுக்ர் சஜ்தா எனப்படும். இதனை சாபிஈ பிரிவினர் நபிவழியாகக் கொள்கின்றனர். இமாம் அபூ ஹனீபா இதைத் தனி வழிபாடாக ஏற்கவில்லை; எனினும் அவருடைய மாணவர்களான அபூ யூசுப், முகம்மது ஆகியோர் ஏற்றுக்கொண்டனர். தமிழகத்தில் இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி பிரிவையும், கடற்கரை மரைக்காயர்கள் சாபிஈ பிரிவையும் பின்பற்றுகின்றனர்.

மதுரையில்

ரமலான் நோன்பின் நோக்கங்களுள் ஒன்றாக நன்றி செலுத்துதலை குர்ஆன் (2:185) குறிப்பிடுகிறது. பகல் முழுதும் பசித்திருப்பவர் உணவின் அருமையை உணர்கிறார். அவ்வுணர்வு பகிர்தலாக மாறுகிறது. மதுரை காஜிமார் தெரு, கோரிப்பாளையம் உள்ளிட்ட பகுதிகளின் பள்ளிவாசல்களில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு முதலியன சேர்த்து நோன்புக் கஞ்சி காய்ச்சி வழங்குகின்றனர். பிற சமயத்தாரும் இதனைப் பெற்றுச் செல்வதுண்டு. இக்கஞ்சிக்காகத் தமிழக அரசு 2001 முதல் பள்ளிவாசல்களுக்கு அரிசி அளித்து வருகிறது.

ஒப்பீடு

திருக்குறளின் 11ஆம் அதிகாரமான செய்ந்நன்றியறிதல், மனிதர் மனிதருக்குச் செய்த உதவியை மறவாமையைப் பேசுகிறது. சுக்ர் முதன்மையாக இறைவனை நோக்கியது. எனினும் மனிதருக்குரிய நன்றியின்றி அது நிறைவு பெறுவதில்லை.