சொன்னதை நம்பும் ரவுட்டர்கள்

2019-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் அலெகனி டெக்னாலஜீஸ் என்றொரு கம்பெனி இருந்தது. டைட்டானியமும் சிறப்பு உலோகக் கலவைகளும் செய்வது அதன் தொழில். இணையத் தொழிலோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பல கம்பெனிகளைப் போல அதுவும் ஒன்றுக்கு இரண்டாக இணைய இணைப்பு வாங்கி வைத்திருந்தது: டிக்யூஇ என்ற உள்ளூர்ச் சிறு நிறுவனத்திடம் ஒன்று, வெரைசன் என்ற பெருநிறுவனத்திடம் இன்னொன்று. 2019 ஜூன் 24 அன்று, இந்திய நேரம் மாலை நான்கு மணிவாக்கில், கிளவுட்ஃப்ளேர், அமேசான் போன்ற நிறுவனங்களுக்குப் போகவேண்டிய போக்குவரத்தில் ஒரு பெரும்பகுதி இந்த உலோகக் கம்பெனியின் இணைப்பை நோக்கித் திரும்பிவிட்டது. ஆலைக்கென வாங்கிய குழாயில் கடலைத் திருப்பினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. கிளவுட்ஃப்ளேர் மட்டுமே உச்ச நேரத்தில் தன் உலகப் போக்குவரத்தில் 15 சதவீதத்தை இழந்தது.

யாரும் தாக்கவில்லை; யாரும் திருடவில்லை. டிக்யூஇ தன் சொந்த வசதிக்காக ஒரு மென்பொருள் வைத்திருந்தது. பெரிய முகவரித் தொகுதிகளைச் சிறு துண்டுகளாக்கி, தன் பாதைகளுக்குள் பாரத்தைப் பிரித்துவிடுவது அதன் வேலை. வீட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டிய அந்தத் துண்டுப் பாதைகள் வாடிக்கையாளரான அலெகனிக்குக் கசிந்தன. அலெகனியின் ரவுட்டர் அவற்றை அப்படியே வெரைசனிடம் ஒப்பித்தது. ‘ஓர் உலோக ஆலை எப்படி அமேசானுக்கு வழியாக முடியும்?’ என்று வெரைசன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உலகத்துக்கே அறிவித்துவிட்டது.

இப்படியும் நடக்குமா என்று வியப்பவர்களுக்கு, இது நடப்பதற்கான வழி 1989-லேயே திறந்துவைக்கப்பட்டது என்பது இன்னும் வியப்பாக இருக்கும்.

இணையம் என்பது ஒரே வலை அல்ல. இன்றைக்கு 75 ஆயிரத்துக்கு மேற்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகளின் கூட்டம் அது. தொலைபேசி நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், வங்கிகள், கூகுள் போன்ற பெருங்கம்பெனிகள் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எந்த இடத்திலும் முழு வரைபடம் கிடையாது. ஒவ்வொரு நெட்வொர்க்கும் ‘இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்’ என்று பக்கத்து நெட்வொர்க்கிடம் சொல்கிறது. அது தன் பக்கத்திலிருப்பதிடம் சொல்கிறது. இந்தப் பேச்சுக்கான இலக்கணம்தான் பிஜிபி. இதில் ஒரு முக்கிய விதி உண்டு: ஒரே முகவரிக்கு இரண்டு வழி சொல்லப்பட்டால், எது சிறிய, துல்லியமான தொகுதியைக் குறிப்பிடுகிறதோ அதைத்தான் ரவுட்டர் எடுத்துக்கொள்ளும். 1,024 முகவரிகளுக்கு வழி சொல்பவரைவிட, அவற்றுள் 256-க்கு மட்டும் வழி சொல்பவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். உண்மையானவர் யார் என்பது கணக்கிலேயே வராது.

1980-களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் என்எஸ்எஃப்நெட் பல்கலைக்கழகங்களை வேகமாக இணைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் புழக்கத்திலிருந்த இஜிபி என்ற விதிமுறை, நடுவில் ஒரு தண்டும் சுற்றிலும் கிளைகளுமாக இருக்கும் வலைக்காக எழுதப்பட்டது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கியதும் தகவல்கள் போன வழியிலேயே திரும்பிச் சுற்றிவரும் ஆபத்து வந்தது. 1989 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இணையப் பொறியாளர்களின் கூட்டம் நடந்தபோது, மதிய உணவு மேசையில் இரண்டு பேர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிஸ்கோவின் கிர்க் லாஹீட், மற்றவர் ஐபிஎம்மின் யாகோவ் ரெக்டர். கையில் தாள் இல்லை. தக்காளி சாஸ் பட்ட காகித நாப்கின்களிலேயே எழுதினார்கள். ஒவ்வொரு பாதை அறிவிப்போடும் அது கடந்துவந்த நெட்வொர்க்குகளின் எண்களை வரிசையாகக் கோத்துவிடுவது அவர்கள் கண்ட தீர்வு. வரிசையில் தன் எண்ணையே பார்க்கும் ரவுட்டர் அந்த அறிவிப்பைத் தள்ளிவிட்டால் போதும், சுற்றல் தீர்ந்தது. அதே ஆண்டு ஜூனில் அது முறையான ஆவணமாக வெளிவந்தது. தற்காலிக ஏற்பாடு என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1994-ல் உருவான அதன் நான்காவது பதிப்பு இன்றும் உலகத்தைச் சுமக்கிறது.

பாதுகாப்பு அப்போது பெரிய கவலையாக இருக்கவில்லை என்று ரெக்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் ஆஸ்டின் கூட்டத்துக்கு இரண்டே மாதம் முன்புதான், 1988 நவம்பரில், மாரிஸ் வோர்ம் என்ற நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியிருந்தது. பொய் சொல்லும் ரவுட்டர்களை எப்படிச் சமாளிப்பது என்று கணினி ஆய்வாளர் ரேடியா பெர்ல்மன் அதே 1988-ல் எம்ஐடியில் முனைவர் பட்ட ஆய்வேடே எழுதியிருந்தார். பெல் ஆய்வகத்தின் ஸ்டீவன் பெல்லோவின் 1989 ஏப்ரலில் வெளியிட்ட கட்டுரை, பாதைத் தகவல்களைப் பொய்யாக்கித் தாக்கும் முறைகளைப் பேசியது. ஆக, யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் இதை அலட்சியம் என்று தள்ளுவதும் நியாயமில்லை. வலையை நடத்தியவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்குமளவு பழகியவர்கள். வலை வளர்ந்த வேகத்தில் அது அறுந்து விழாமல் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒவ்வோர் அறிவிப்புக்கும் டிஜிட்டல் கையொப்பம் கேட்டிருந்தால் அன்றைய இயந்திரங்கள் மூச்சுத் திணறியிருக்கும்; பிஜிபியை யாரும் சீந்தியிருக்கவும் மாட்டார்கள்.

முதல் பெரிய பாடம் 1997 ஏப்ரல் 25 அன்று வந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் எம்ஏஐ என்ற சிறு சேவை நிறுவனத்து ரவுட்டர் ஒன்று, இணையத்தின் பாதைகளையெல்லாம் சிறு துண்டுகளாக்கி, அத்தனையும் தன்னிடமே இருப்பதாக அறிவித்துவிட்டது. துல்லியமானதே வெல்லும் என்ற விதிப்படி போக்குவரத்து அங்கே பாய்ந்தது. பதறிப்போன ஊழியர்கள் கால் மணி நேரத்துக்குள் ரவுட்டரின் இணைப்பைப் பிடுங்கினார்கள், மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். ஆனால் ஸ்பிரின்ட் போன்ற பெரிய நெட்வொர்க்குகளின் ரவுட்டர்கள் அந்தப் பொய்ப் பாதைகளை மணிக்கணக்கில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருந்தன. வதந்தி கிளப்பியவர் வாயை மூடிய பிறகும் வதந்தி ஓயவில்லை. அந்த நிறுவனத்தின் எண் 7007. நெட்வொர்க் பொறியாளர்கள் இன்றும் அந்த எண்ணைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

அடுத்த ஆண்டு மே மாதம், லாஃப்ட் என்ற ஹேக்கர் குழுவைச் சேர்ந்த ஏழு பேர் புனைபெயர்களுடன் அமெரிக்க செனட் குழுவின் முன் அமர்ந்தார்கள். முப்பது நிமிடத்தில் இணையத்தையே முடக்கிவிட முடியும் என்றார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது பிஜிபிதான். தீர்வும் வெகுதூரத்தில் இல்லை. பிபிஎன் நிறுவனத்தின் ஸ்டீபன் கென்டும் அவரது சகாக்களும், பாதை அறிவிப்புகளை டிஜிட்டல் கையொப்பத்தால் சரிபார்க்கும் முழுத் திட்டம் ஒன்றை 2000-ம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள்.

திட்டம் தாளிலேயே நின்றுபோனது. ரவுட்டர்களின் நினைவகமும் வேகமும் அன்று போதாது என்பது உண்மையே. ஆனால் அது பாதிக் காரணம்தான். ஒரு நிறுவனம் பணம் போட்டு, பொய் அறிவிப்புகளைத் தள்ளும் தன் வடிகட்டிகளைச் சீராக்கினால், அதன் பலன் பெரும்பாலும் மற்றவர்களுக்கே போகிறது. தன் முகவரியை வேறெங்கோ யாரோ கடத்துவதை அது தடுக்காது. செலவு என்னுடையது, பாதுகாப்பு உன்னுடையது என்றால் எந்த நிதி மேலாளர் கையெழுத்துப் போடுவார்? இணையத்துக்குச் சொந்தக்காரரும் இல்லை, கட்டளையிட ஓர் அதிகாரமும் இல்லை. அதை நாம் எப்போதும் பெருமையாகத்தான் சொல்கிறோம். இந்தக் கதையில் அதுவே பெரிய முட்டுக்கட்டை.

பொதுமக்களுக்கு விஷயம் தெரிந்தது 2008 பிப்ரவரி 24 அன்று. ஒரு காணொளியைக் காரணம் காட்டி யூடியூபைத் தடுக்கும்படி பாகிஸ்தான் தொலைத்தொடர்பு ஆணையம் உத்தரவிட்டிருந்தது. அந்நாட்டின் பெரிய நிறுவனமான பாகிஸ்தான் டெலிகாம் இதை எளிதாகச் செய்ய நினைத்தது. யூடியூப் 1,024 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை உலகுக்கு அறிவித்திருந்தது. அதற்குள்ளிருந்த 256 முகவரிகளைத் தன்னுடையவை என்று பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் சொல்லி, அங்கு வரும் போக்குவரத்தைக் குப்பையில் போட ஏற்பாடு செய்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனத்துக்குக் கசிந்தது. அவர்கள் சரிபார்க்காமல் வெளியே அனுப்ப, சில நிமிடங்களில் உலகமெங்கும் யூடியூப் பார்க்க வந்தவர்கள் பாகிஸ்தானுக்குப் போய்க் காணாமல் போனார்கள்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஏறக்குறைய 80 நிமிடம் கழித்து யூடியூபும் அதே 256 முகவரிகளைத் தனியே அறிவித்தது. இப்போது இரண்டு குரல்களும் சம துல்லியம். உலகம் இரண்டாகப் பிரிந்தது. பத்து நிமிடம் பொறுத்து யூடியூப் அதை 128, 128 என்று இரண்டாகப் பிளந்து மறுபடி அறிவித்தது. தன் சொந்த வீட்டு முகவரியைத் திரும்பப் பெற, கடத்தியவரைவிடச் சிறிய துண்டைக் காட்டிப் போட்டிபோட வேண்டியிருந்தது. கடைசியில் பிசிசிடபிள்யூ அந்த இணைப்பின் அறிவிப்புகளை விலக்கிய பிறகே, மொத்தம் இரண்டேகால் மணி நேரத்தில், சிக்கல் முடிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் டெஃப்கான் மாநாட்டில் அலெக்ஸ் பிலோசோவ், டோனி கபேலா என்ற இருவர், போக்குவரத்தைக் கடத்தி, நடுவில் எட்டிப்பார்த்துவிட்டு, உரிய இடத்துக்கே அனுப்பிவைக்கவும் முடியும் என்று செய்துகாட்டினார்கள். பயனருக்குச் சந்தேகமே வராது. 2010 ஏப்ரலில் சைனா டெலிகாம் உலகப் பாதைகளில் சுமார் 15 சதவீதத்தை 18 நிமிடம் தன் பெயரில் அறிவித்தபோது அந்தப் பயம் பெரிதாக எழுந்தது. பாதைகளில் 15 சதவீதம் என்பதைப் பத்திரிகைகள் ‘இணையப் போக்குவரத்தில் 15 சதவீதம்’ என்று எழுதிவிட்டன. இரண்டும் ஒன்றல்ல; உண்மையில் திரும்பிய போக்குவரத்து மிகக் குறைவு. இந்தியாவும் இந்தப் பட்டியலில் உண்டு: 2015 நவம்பரில் பார்தி ஏர்டெல்லின் நெட்வொர்க், பிறருக்குச் சொந்தமான 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட முகவரித் தொகுதிகளைப் பல மணி நேரம் தன்னுடையவையாக அறிவித்தது.

தவறுகள் காட்டிக்கொடுத்த வழியில் திருடர்கள் நுழைந்தார்கள். 2018 ஏப்ரல் 24 அன்று, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் அமேசானின் பெயர்த் தீர்வு சேவைக்கான முகவரிகள் சுமார் இரண்டு மணி நேரம் ஒஹையோ மாநிலத்தின் ஒரு சேவை நிறுவனம் வழியாகக் கடத்தப்பட்டன. மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ பணத் தளத்தைத் தேடியவர்கள் போலித் தளத்துக்கு அனுப்பப்பட்டார்கள். உலாவி எச்சரித்தது. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனவர்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலரை இழந்தார்கள்.

பூட்டு ஒன்று 2011-லிருந்தே கையில் இருந்தது. இதன் பெயர் ஆர்பிகேஐ. கென்டின் திட்டத்தைவிட எளிமையானது. முகவரிகளை ஒதுக்கித்தரும் வட்டாரப் பதிவகங்களிடம் ‘இந்தத் தொகுதியை இந்த எண்ணுள்ள நெட்வொர்க் மட்டுமே அறிவிக்கலாம்’ என்று உரிமையாளர் ஒரு கையொப்பச் சீட்டைப் பதிந்துவைப்பார். மற்றவர்களின் ரவுட்டர்கள் அதைப் பார்த்துப் பொருந்தாததைத் தள்ளும். பதிவது ஒருவர் வேலை, சரிபார்ப்பது இன்னொருவர் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் பயன். எட்டு ஆண்டுகள் அது ஊர்ந்தது. 2019-ல் ஏடி அண்டு டி பொருந்தாத பாதைகளைத் தள்ளத் தொடங்கியது. மற்ற பெருநிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2024 மே மாதத்தில்தான் பழைய வகை முகவரிப் பாதைகளில் பாதிக்கு மேல் சீட்டு உள்ளவையாக ஆயின.

பூட்டுக்கும் சாவி வேண்டுமே. 2024 ஜனவரி 3 அன்று ஸ்பெயினின் ஆரஞ்ச் நிறுவனத்தில், ஊழியர் கணினியில் புகுந்த திருட்டு மென்பொருள் முன்பே கொண்டுபோயிருந்த கடவுச்சொல்லை வைத்து, ஒருவர் ஐரோப்பியப் பதிவகமான ரைப்பில் உள்ள அதன் கணக்கில் நுழைந்தார். கடவுச்சொல் என்ன தெரியுமா? ‘ரைப்அட்மின்’. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை. உள்ளே போனவர் எந்தப் பாதையையும் கடத்தவில்லை. சீட்டுகளை மட்டும் மாற்றினார். உடனே ஆரஞ்சின் உண்மையான பாதைகள் பொருந்தாதவையாகத் தெரிய, நேர்மையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்த உலகத்து ரவுட்டர்கள் அவற்றைத் தள்ளிவிட்டன. ஸ்பெயினில் சில மணி நேரம் இணையம் தள்ளாடியது. இதன்பின் ரைப் அதே ஆண்டில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை எல்லாருக்கும் கட்டாயமாக்கியது.

வெளியாள் வந்துதான் கெடுக்க வேண்டும் என்பதும் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அதன் உள்வலையை அறுத்தது. அதன் பெயர்ச் சேவையகங்கள் தம் பாதைகளைத் தாமே விலக்கிக்கொண்டன. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து ஆறு மணி நேரம் மறைந்தன. பழுதுபார்க்கும் கருவிகளும் அதே வலையில் இருந்ததால், பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது.

ஆர்பிகேஐ தீர்க்காத பிரச்சினையும் ஒன்று மீதமிருக்கிறது. முகவரி யாருடையது என்பதை அது சொல்லும்; இடையிலுள்ள வழி முறையானதா என்று சொல்லாது. 2018 நவம்பரில் நைஜீரியாவின் மெய்ன்ஒன் நிறுவனம் வடிகட்டியில் செய்த பிழையால், கூகுளுக்கான போக்குவரத்து 74 நிமிடம் சைனா டெலிகாம் வழியாகச் சுற்றியது. அறிவிப்பில் உரிமையாளர் கூகுள்தான் என்று சரியாகவே இருந்ததால் சீட்டு உதவியிருக்காது. வழி முழுவதற்கும் கையொப்பம் கேட்கும் பிஜிபிசெக் 2017-ல் தரமாக வெளிவந்தும், வழியிலுள்ள அனைவரும் சேர்ந்தால்தான் பயன் என்பதால் கிட்டத்தட்ட யாரும் கைக்கொள்ளவில்லை. ஆஸ்பா என்ற இன்னொரு முறை பல ஆண்டுகளாகத் திருத்தங்கள் கண்டுவருகிறது. ஒவ்வொரு நெட்வொர்க்கும் ‘எனக்கு மேலிணைப்பு தருபவர்கள் இவர்கள்தான்’ என்று பதிந்துவைப்பது அதன் அடிப்படை. இதில் பதிவதற்குச் செலவு அநேகமாக இல்லை. உலகப் போக்குவரத்தைச் சுமக்கும் சில பெருநிறுவனங்கள் மட்டும் சரிபார்த்தாலே, மெய்ன்ஒன் மாதிரியான கசிவுகளில் பெரும்பாலானவை அவர்களைத் தாண்டிப் பரவாது.