யில்டிஸ் மாளிகையின் இளவரசி

உதுமானியப் பேரரசின் இறுதிக் காலத்தைப் பற்றி உரைப்போர் போர்களையும் உடன்படிக்கைகளையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அப்பேரரசு சரிந்தபோது அரண்மனையினுள் வாழ்ந்த பெண்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை அறிந்தோர் சிலரே. அதனை அறிய உதவும் சான்றுகளுள் ஒன்று, ஆயிஷா சுல்தான் என்னும் இளவரசியார் தமது தந்தையைப் பற்றி எழுதிய நினைவுநூலாகும்.

சுல்தான் என்பது ஆண்மகனுக்குரிய பட்டமன்றோ என நேயர்கள் ஐயுறலாம். துருக்கிய மரபின்படி அச்சொல் பெயருக்கு முன்னே வருமாயின் ஆட்சி புரியும் மன்னரையும், பின்னே வருமாயின் அரசகுலப் பெண்ணையும் குறிக்கும். இளவரசியை மணந்தவன் வேறொரு மனைவியை ஏற்றல் மரபன்று. ஆயினும், அவள் வயிற்றிற் பிறந்த மகனுக்கு அரியணையில் உரிமை இல்லை.

ஆயிஷா 1887ஆம் ஆண்டு இஸ்தான்புல் நகரின் யில்டிஸ் மாளிகையிற் பிறந்தார். தந்தை இரண்டாம் அப்துல் ஹமீது, தாய் முஷ்பிக்கா. பொஸ்பரஸ் நீரிணையை நோக்கிய குன்றின்மீது, உயர்ந்த மதில்களுக்குள் தனியொரு நகரமாகவே யில்டிஸ் விளங்கியது. அங்கே நாடக அரங்கு இருந்தது. சுல்தான் தம் கையாலேயே மரவேலை செய்யும் தச்சுக்கூடமும் இருந்தது. இளவரசியார் பியானோ பயின்றார். மேனாட்டு இசையில் விருப்பமுடைய தந்தை அதனைக் கேட்டு மகிழ்வார்.

அம்மதில்கள் அத்துணை உயரமாக எழுந்ததற்குக் காரணம் அச்சம். 1876ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு சுல்தான்கள் பதவி நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அப்துல் ஹமீதுவின் தமையனாரான ஐந்தாம் முராத். அவர் அதே குன்றின் அடிவாரத்திலுள்ள சிராகான் மாளிகையிலே தம் குடும்பத்தோடு அடைக்கப்பட்டு, 28 ஆண்டுகளின் பின் 1904இல் அங்கேயே உயிர் நீத்தார். மேலே ஓர் இளவரசி பியானோ வாசிக்க, கீழே அவருடைய பெரிய தந்தையின் புதல்வியர் காவலில் வளர்ந்தனர். அரசியலமைப்பை ஆக்குவதில் முன்னின்ற மித்ஹத் பாஷாவும் நாடுகடத்தப்பட்டு அரேபியாவிலே கொல்லப்பட்டார். 1894 முதல் 1896 வரை ஆர்மீனியர் பல்லாயிரவர் மடிந்ததும் இவ்வாட்சியிலேதான். மகளின் நூல் தீட்டும் அன்புமிக்க தந்தையின் உருவம் பொய்யென்று கொள்வதற்கில்லை; ஆனால் அவ்வுருவத்தை மட்டும் கொண்டு ஒரு மன்னரை எடைபோடுதல் வரலாறாகாது.

1909ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், நால்வர் கொண்ட குழுவொன்று யில்டிஸுக்கு வந்து, சுல்தான் பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என அறிவித்தது. அன்றிரவே அவர் புகையிரதமேற்றப்பட்டுச் சலோனிக்கா நகருக்கு அனுப்பப்பட்டார். உடன் சென்றோருள் ஆயிஷாவும் அவருடைய தாயாரும் இருந்தனர். அங்கே மாவாலை உரிமையாளரான அலாத்தினி குடும்பத்தாரின் வீடு அவர்களுக்குச் சிறையாயிற்று. பேரரசின் செய்திகளையெல்லாம் ஒற்றர் வாயிலாக அறிந்துவந்த மன்னருக்கு இப்போது செய்தித்தாள்தானும் கிடைக்கவில்லை.

ஆயிஷா பின்னர் தலைநகர் திரும்பி, 1911இல் பெய்ரூத்தைச் சேர்ந்த அகமது நாமி என்பவரை மணந்தார். இம்மணம் 1921இல் முறிவுற்றது. அரச மருமகனாயிருந்த அந்த நாமியே பிற்காலத்தில், பிரெஞ்சு ஆதிக்கத்தின்கீழ் இருந்த சிரியாவின் ஆட்சித் தலைவராக 1926 முதல் 1928 வரை விளங்கினார் என்பது விந்தை. இளவரசியார் மறுமணம் செய்துகொண்டார். தந்தையோ 1918இல் பெய்லர்பேயி மாளிகையில், முஷ்பிக்கா அருகிருக்க, இறந்தார்.

1924ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் துருக்கிப் பாராளுமன்றம் கலீபா பதவியை ஒழித்தது. உதுமானிய குலத்தார் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்றும் சட்டம் இயற்றிற்று. ஆடவர்க்குக் கிடைத்த அவகாசம் மிகச் சொற்பம். பெண்டிர்க்குச் சில நாட்கள் மட்டுமே. கையில் தரப்பட்ட கடவுச்சீட்டு வெளியேறுவதற்கு மட்டும் செல்லும், திரும்புவதற்குச் செல்லாது. கடைசிக் கலீபாவின் மகளான துர்ருஷேவார் 1931இல் நீஸ் நகரில் ஹைதராபாத் நிசாமின் மூத்த குமாரரை மணந்து மீண்டும் ஓர் அரண்மனையை அடைந்தார். அத்தகைய வாய்ப்பு ஏனையோர் பலருக்குக் கிட்டவில்லை. ஆயிஷா பாரிஸில் வாழ்ந்தார்; கணவரையும் அந்நிய மண்ணிலேயே இழந்தார்.

அச்சட்டத்தின் கொடுமை மற்றொரு வகையிலும் வெளிப்பட்டது. மன்னரின் மகள் அரச குலத்தவள். ஆகவே வெளியேற வேண்டும். மன்னரின் மனைவியோ பிறப்பால் அக்குலத்தவள் அல்லள், ஆகவே தங்கியிருக்கலாம். முஷ்பிக்கா இஸ்தான்புல்லிலே தங்கினார். தாயும் மகளும் பிரிந்தனர்.

1952இல் அரசகுலப் பெண்டிர் நாடு திரும்ப அனுமதி கிடைத்தது. ஆடவர் 1974 வரை காத்திருக்க நேர்ந்தது. அறுபத்தைந்து வயதை எட்டிய மகள், 28 ஆண்டுகளின் பின் முதிய தாயாரைக் கண்டார். தாயும் மகளும் மீண்டும் ஒன்றாக வாழ்ந்த அந்த ஆண்டுகளிலேதான் நினைவுநூலும் நிறைவுபெற்றது. அது வெளிவந்த 1960ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்ட் மாதத்தில், ஆயிஷா காலமானார். யில்டிஸ் மாளிகைக்கு அண்மையிலுள்ள யஹ்யா எபெந்தி அடக்கத்தலத்தில் அவரது உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு முஷ்பிக்காவும் இறந்தார்.