வண்டி மாற்றங்களும் நீட்டிப்பு உத்தரவாதமும்

ஆலையிலிருந்து வெளிவந்த மோட்டார் வண்டியில், விற்பனைக்குப் பின், தயாரிப்பாளரைச் சாராத கடையோ பட்டறையோ உறுப்புகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் வேறாக்குவதும் வண்டி மாற்றம் எனப்படும். பட்டறை வழக்கில் இதனை ‘ஆல்ட்ரேஷன்’ என்பர். ஆலையிலேயே பொருத்தி வந்தது ‘கம்பெனி ஃபிட்டிங்’ என்றும் கடையில் பொருத்தியது ‘வெளி ஃபிட்டிங்’ என்றும் பிரித்துப் பேசப்படும். உத்தரவாதம், அதாவது வாரண்டி, என்பது குறித்த காலத்துக்குள் அல்லது குறித்த கிலோமீட்டருக்குள் உறுப்பின் தரக்குறைவாலோ செய்நேர்த்திக் குறையாலோ வரும் பழுதைத் தன் செலவில் நீக்கித் தருவதாகத் தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்கு. அக்காலம் முடிந்த பின்னும் அது தொடர்வதற்கெனத் தனியே பணம் செலுத்திப் பெறும் ஒப்பந்தமே நீட்டிப்பு உத்தரவாதம். முன்னது வண்டியின் விலைக்குள் அடங்கியது, பின்னது விலை கொடுத்து வாங்கியது என்னும் வேறுபாடு சிறியதன்று. வாங்கியவர் அதற்கெனப் பணம் கட்டியிருக்கிறார் என்பதால், அதை மறுப்பவர் காட்ட வேண்டிய காரணமும் அந்த அளவுக்கு வலுவானதாக இருக்க வேண்டும்.

திருச்சிராப்பள்ளி மாநகரில் வண்டிகள் டி.என். 45, டி.என். 81 ஆகிய எண்களிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கத்தில் டி.என். 48 என்னும் எண்ணிலும் பதிவாகின்றன. புது வண்டி வாங்கியவர்கள் சமயபுரத்தில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றித் திரும்பிய சில நாள்களுக்குள் ஹாரன், பனிவிளக்கு, சீட் கவர், மியூசிக் சிஸ்டம் ஆகியவற்றுக்காகக் கடை தேடுவது இவ்வட்டாரத்தில் பரவலான வழக்கம். உத்தரவாதச் சிக்கல்கள் பலவற்றுக்கு வித்து இந்தச் சில நாள்களிலேயே விழுகிறது.

முன்வரலாறு

தமிழகத்தில் வண்டியை மாற்றிக்கொள்வது புதுப் பழக்கமன்று. ஒரு காலத்தில் முழு வண்டி என்பதே விற்பனைக்கு வராத பொருளாக இருந்தது. பேருந்தும் லாரியும் வெறும் சேஸியாக, அதாவது எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டமாக, வந்திறங்கும். அதன்மேல் மரத்தாலும் தகட்டாலும் ‘பாடி கட்டுவது’ உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்த வேலை. அந்த மரபிலிருந்தே கரூரும் நாமக்கல்லும் பாடி கட்டும் ஊர்களாக வளர்ந்தன. சேஸிக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு, பாடிக்குக் கட்டியவர் பொறுப்பு என்னும் இருவேறு பொறுப்பு முறை அப்போதே நிலைபெற்றது. ஒன்றன் பழுதுக்காக மற்றொன்றின் பொறுப்பைத் தள்ளிவிடக் கூடாது என்னும் நியாயத்தை அன்றைய முதலாளிகளும் மேஸ்திரிகளும் எழுத்தில் வைக்காமலே கடைப்பிடித்தனர். இக்காலத்து உத்தரவாத வழக்குகளில் தேடப்படுவதும் அதே நியாயம்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் பெட்ரோல் அரிதாகியபோது, 1911இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், கரியை எரித்து வாயு எடுக்கும் டி.வி.எஸ். காஸ் பிளான்ட் என்னும் கருவியை உருவாக்கினார். பேருந்தோடு கொதிகலன் போன்ற உருளையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டம் போட்டு, வரும் வாயுவைக் குளிரவைத்து வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவர். பெட்ரோலுக்கென அமைந்த எஞ்சின் கரிவாயுவில் இழுவை குறைந்து ஓடும். வடிகட்டியைத் தாண்டிவரும் சாம்பல்தூள் சிலிண்டரின் உட்சுவரைத் தேய்க்கும். வெளியில் பொருத்திய கருவி எஞ்சினின் ஆயுளைக் குறைக்குமா என்னும் கேள்வி தமிழ்நாட்டில் பேரளவில் எழுந்தது இக்கரி பஸ்களை ஒட்டியே எனலாம். திருச்சியின் டி.வி.எஸ். டோல்கேட் என்னும் இடப்பெயர் அவர் நிறுவனத்தின் நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது.

விடுதலைக்குப் பின்னரும் இவ்வழக்கம் தொடர்ந்தது. பெட்ரோல் அம்பாசிடரை டீசல் எஞ்சினுக்கு மாற்றுவதும், லாரியின் வில்லில் கூடுதல் ‘பட்டை’ சேர்த்துச் சுமை தாங்கவைப்பதும், பின்னாளில் மாருதி ஆம்னி வேனில் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையைப் படுக்கவைத்து ஓட்டுவதும் ஊரறிந்த செயல்கள். கடைசியாகச் சொன்னது உயிருக்கே உலை வைக்கக்கூடிய செயல். 2000ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும், அதனை அடுத்து 2001இல் வந்த எரிவாயு ஒழுங்குமுறை ஆணையும் தரச்சான்று பெற்ற கருவிக்கும் தனி உருளைக்கும் வழிசெய்து, எரிவாயுவில் வண்டி ஓட்டுவதை நெறிப்படுத்தின.

வகைப்பாடு

மாற்றங்களைத் தோற்றம் பற்றியவை, மின்கம்பி பற்றியவை, எஞ்சினும் எரிபொருளும் பற்றியவை, சக்கரமும் தாங்கமைப்பும் பற்றியவை, பாடி பற்றியவை எனப் பிரிப்பது பயனுடையது. எந்த மாற்றம் எந்த உறுப்பைத் தொடுகிறது என்பதே உத்தரவாதத்தின் தலைவிதியை முடிவு செய்கிறது.

தோற்ற வகையில், சீட் கவரும் தரைவிரிப்பும் எஞ்சினையோ மின்கம்பியையோ பொதுவாகத் தொடுவதில்லை. பாடி வகையில், சுற்றுலா வண்டிகளில் மூட்டை ஏற்றுவதற்காகக் கூரையில் துளையிட்டுக் கேரியர் பொருத்தினால் துளையோரத்தில் துருவேறும்; துருவுக்குரிய உத்தரவாதம் அக்கூரையளவில் போகும், எஞ்சினுக்குரியது போகாது.

மின்கம்பி வகை தனியே விளக்கத்தக்கது. கடைக்காரர் அவசரத்தில் ஆலைக் கம்பியின் உறையைப் பிளேடால் சுரண்டி, புதுக் கம்பியை அதில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுகிறார். திருச்சியின் சித்திரை வெயிலில் மூடிய பானெட்டுக்குள் டேப்பின் பசை இளகுகிறது. மழைக்காலத்தில் ஈரம் புகுந்து செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. முறுக்கு தளர்ந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடு பிறக்கிறது. ஓடும் மின்னோட்டம் ஃபியூஸின் அளவுக்குள்ளேயே இருப்பதால் ஃபியூஸ் போகாமல், கம்பிக்கற்றை மட்டும் உருகுகிறது. 60 வாட் முகவிளக்கை எடுத்துவிட்டு அதே கம்பியில் 100 வாட் விளக்கு மாட்டினாலும் இதே கதைதான்: 12 வோல்ட்டில் 5 ஆம்பியராக இருந்த ஓட்டம் 8 ஆம்பியருக்கு மேல் போகிறது, கம்பியில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 3 மடங்காகிறது. இதற்கு மாறாக, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு மின்சாரம் எடுத்து, ரிலே வழியாக, கப்ளர் கொண்டு வெட்டாமல் இணைக்கும் ‘வயரிங் கிட்’ முறையில் ஆலைக் கம்பி சுமை தாங்குவதில்லை. முன்னதில் உருகிய கம்பிக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்க மறுப்பது முறை. பின்னதைச் சுட்டி ஏ.சி. கம்ப்ரசர் பழுதுக்கு உத்தரவாதத்தை மறுப்பது முறையன்று.

எஞ்சின் வகையில் முதன்மையானது ‘ரீமேப்’, அதாவது எரிபொருள் அளவையும் டர்போவின் அழுத்தத்தையும் ஆளும் கட்டுப்பாட்டுக் கணினியின் நிரலை மாற்றுவது. கூடுதல் இழுவையின் சுமை கிளட்ச், கியர்பெட்டி, டர்போ ஆகியவற்றில் இறங்குவதால் இவற்றின் உத்தரவாதத்தை இழப்பது பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. நிரலைப் பழையபடி திருப்பிவிட்டுச் சர்வீசுக்குக் கொண்டுபோகலாம் என்று சிலர் நம்புவது தவறு. நிரல் எத்தனை முறை எழுதப்பட்டது என்னும் கணக்கு பல கணினிகளில் தங்கிவிடுகிறது.

சக்கர வகையில் பலரும் கவனியாத ஒன்று உண்டு. வெளிச்சுற்றளவு 3 விழுக்காடு கூடிய டயரைப் பொருத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கூடுதல் தொலைவு செல்லும், மீட்டரோ பழைய கணக்கையே காட்டும். மீட்டரில் 1,00,000 கிலோமீட்டர் என்று தெரியும்போது வண்டி 1,03,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். கிலோமீட்டரால் எல்லை வகுத்த உத்தரவாதத்தில் இது வெறும் கணிதமாக நின்றுவிடுவதில்லை.

சட்டநிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கே. ஜெயச்சந்திரா வழக்கில், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறான வண்டியைப் பதிவு செய்யவோ ஓட்டவோ இயலாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம் சேர்த்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடுத்தது. முன்புற இரும்புக் காப்புக் கம்பிகளை அகற்றுமாறு மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

அதே 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வண்டி உரிமையாளர்கள் அறிந்துவைக்க வேண்டிய ஒரு வாசகம் இருக்கிறது. அபராதத் தொகைகளைப் பற்றிய பேச்சில் அது பலர் கண்ணில் படாமல் போயிற்று. மாற்றங்களுக்குரிய அளவுகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்றும், அவ்வாறு வகுத்த வழியில் செய்யப்படும் மாற்றத்தின் பொருட்டுத் தயாரிப்பாளர் அளித்த உத்தரவாதம் செல்லாததாகக் கருதப்படமாட்டாது என்றும் 52ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. தயாரிப்பாளர் தம் பெயரிலேயே விற்கும் நீட்டிப்பும் அவர் அளித்த உத்தரவாதமே ஆகையால், இப்பாதுகாப்பு அதற்கும் உரியது எனக் கொள்வதே இவ்வாசகத்தின் நோக்கத்துக்குப் பொருந்தும். மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காகத் தகவமைத்த வண்டிகளுக்கு அதே பிரிவு இன்னும் இளக்கம் காட்டி, முதலில் மாற்றிவிட்டுப் பின்னர்ப் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் பெற இடம் தருகிறது. ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் செல்பவருக்கு அந்த வண்டியே கால். பக்கச் சக்கரம் இருப்பதைச் சுட்டி எஞ்சின் பழுதைப் பார்க்க மறுப்பது அவர் நடையையே முடக்குவதாகும்.

எரிவாயுக் கருவி பொருத்துவோர் சான்று பெற்ற கருவியைத் தெரிந்தெடுத்து, பதிவுச் சான்றிதழில் எரிபொருள் வகையைத் திருத்தி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கருவியின் மதிப்பில் 4 விழுக்காடு கூடுதல் பிரீமியம் 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டண விதியில் வகுக்கப்பட்டது. காப்பீடும் உத்தரவாதமும் வேறானவை. விபத்தின் சேதத்துக்கு முன்னதும், தானே வரும் பழுதுக்குப் பின்னதும் பொறுப்பேற்கின்றன. ஒன்றில் பதிவு செய்த மாற்றம் மற்றொன்றில் தானாகப் பதிவாவதில்லை.

வெளிப் பட்டறையில் வேலை பார்த்ததாலேயே உத்தரவாதம் முழுவதும் போய்விடுமா என்பதற்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25ஆம் நாள் வழங்கிய ஆணையில் விடை இருக்கிறது. 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்த அவ்வாணை, சார்பற்ற பட்டறையை நாடினால் உத்தரவாதம் ரத்து என்னும் ஒட்டுமொத்த நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும், வெளியில் பார்த்த வேலையின் குறையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே ரத்து செய்யலாம் என்றும் கூறியது. மேல்முறையீடுகளில் விவாதம் பெரும்பாலும் அபராதத் தொகையையும் ஆணையத்தின் அதிகாரத்தையும் சுற்றியே சென்றது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாக்னசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம், குறிப்பிட்ட பெயருடைய உறுப்பையே வாங்க வேண்டும் என்று உத்தரவாதத்தோடு பிணைப்பதைத் தடுக்கிறது. இரண்டிலும் அடிநாதம் ஒன்றே: பழுதுக்கும் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் சுமை மறுப்பவருடையது.

மறுக்கப்படும்போது

மறுப்பை வாய்மொழியாக ஏற்காமல், எந்த உறுப்பு எந்த மாற்றத்தால் பழுதானது எனச் சர்வீஸ் நிலையத்தின் ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குவது முதற்படி. வண்டி வாங்கும்போது கையில் தரப்படும் உத்தரவாதக் கையேட்டில் விலக்குப் பட்டியல் சிறு எழுத்தில் இருக்கும். பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வைப்பர், டயர் போன்ற தேய்மானப் பொருள்கள் எந்த மாற்றமும் செய்யாத வண்டியிலும் அதில் விலக்கப்பட்டிருக்கும் என்பதால், அந்த விலக்கையும் மாற்றத்தைக் காரணம் காட்டும் மறுப்பையும் குழப்பிக்கொள்ளலாகாது. 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைத் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வழக்குக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் தொடுக்கலாம். ஆய்வின்றி முடிவுசெய்ய இயலாத குறையென்றால் உறுப்பை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே பழுதான உறுப்பை எறிந்துவிடாமல் வைத்திருப்பது இன்றியமையாதது. ஒப்பந்தமே ஒருதலையானது என்னும் முறையீட்டை மாவட்ட ஆணையம் ஏற்பதில்லை. மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும், அதன் அமர்வு மதுரையிலும் உண்டு. உறுப்பை மாற்றித் தருவதே உத்தரவாதத்தின் நிபந்தனையாக இருக்கையில் முழு வண்டியையும் மாற்றித்தரக் கோர முடியாது என உச்ச நீதிமன்றம் 2006இல் மாருதி உத்யோக் வழக்கில் கூறியது.

இன்றைய நிலை

மாருதி சுசூகி 2024 ஜூலையில் அடிப்படை உத்தரவாதத்தை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக உயர்த்தியது. பழுதுநீக்கும் உரிமைக்கான மத்திய அரசின் இணையவாயில் 2022 டிசம்பர் 24 முதல் இயங்குகிறது. மின்வண்டிகளில் பேட்டரிக்குத் தனி உத்தரவாதம் வழங்கப்படுகிறது.