கேட்டட் ரிவெர்ப் ஸ்னேர் ஒலி

1980களின் ராக், பாப் இசைத்தட்டுகளில் பரவலாகக் கேட்கும் டிரம் ஒலி. ஸ்னேர் டிரம்மில் அடி விழுந்ததும் பெருமண்டபத்தில் எழுவது போன்ற முழக்கம் கிளம்பி, தேய்ந்து அடங்காமல் சட்டென்று அறுபடுவது இதன் அடையாளம். எந்த அறையும் தானாக இப்படி ஒலிப்பதில்லை. உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய முழக்கத்தை மேலே கொண்டுவரும் கம்ப்ரஸரும், ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் வழியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட்டும் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன.

1970களில் டிரம்மின் மேல் துணியும் டேப்பும் போட்டு முழக்கத்தைக் கொன்று பதிவதே பல ஸ்டுடியோக்களின் வழக்கம். டேவிட் போவியின் 'லோ' (1977) தொகுப்பில் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி ஈவென்டைட் ஹார்மனைசர் கொண்டு ஸ்னேரின் சுருதியைக் கீழே சரியவிட்டார். அது வேறு உத்தி. ஆயினும் ஸ்னேர் ஒலியைச் செயற்கையாக வார்க்கும் ஆசையை வளர்த்ததில் அதற்குப் பங்குண்டு எனக் கருதப்படுகிறது.

இவ்வொலியின் பிறப்பிடமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலிருந்த டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனித்தொகுப்பு (1980) அங்கே பதிவானபோது தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பொறியாளர் ஹ்யூ பாட்ஜம், சில பாடல்களில் டிரம் வாசித்தவர் ஃபில் காலின்ஸ். அங்கிருந்த எஸ்.எஸ்.எல். நிறுவனத்தின் ஒலிக்கலவைக் கன்சோலில், கலைஞர்கள் உள்ளே பேசுவது கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்பதற்காகவே தனி மைக் ஒன்று இணைந்திருந்தது. அருகில் பேசினாலும் தூரத்தில் பேசினாலும் ஒரே அளவில் கேட்கவேண்டும் என்பதால் அதன் கம்ப்ரஸர் மிகக் கடுமையானது. காலின்ஸ் வாசித்துக்கொண்டிருக்கையில் அந்த மைக்கைத் திறந்தபோது டிரம் பூதாகரமாக ஒலித்தது. பேச்சுக்கு மட்டுமே என்று அமைத்த அந்த இணைப்பிலிருந்து டேப்பில் பதிய வழியில்லை. பாட்ஜம் பின்னாளில் சொன்னபடி, அதற்காகக் கன்சோலின் இணைப்பையே மாற்றவேண்டியிருந்தது. அதே கன்சோலின் கேட்டும் சேர்ந்தபோது முழக்கத்துக்கு அந்தக் கூரிய முடிவு கிடைத்தது. இசைக்கருவிக்கென்று எண்ணியே பார்க்காத ஒரு மைக்கிலிருந்து இத்தனை பெரிய ஒலி பிறந்தது, பதிவுக்கலை வரலாற்றின் அழகான செய்திகளில் ஒன்று.

கேப்ரியல் அத்தொகுப்பில் சிம்பல்களைத் தவிர்க்கச் சொன்னதும் இதற்குத் துணைநின்றது. நீண்டு அதிரும் சிம்பல், கம்ப்ரஸரில் ஊதிப் பெருகி இடைவெளிகளை நிரப்பிவிடும்; கேட் மூடவும் விடாது. அதிலுள்ள 'இன்ட்ரூடர்' பாட்டில் அடிகளுக்கு இடையே விழும் மௌனம் முழுமையாக இருப்பது இதனால்தான். இவ்வொலியைக் கண்டவர் யார் என்பதில் கேப்ரியல், காலின்ஸ், பாட்ஜம், லில்லிவைட் ஆகியோருக்கான பங்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. லில்லிவைட்டும் பாட்ஜமும் பணியாற்றிய எக்ஸ்.டி.சி. குழுவின் 'டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்' (1979) தொகுப்பை முன்னோடியாகக் காட்டுவோரும் உண்டு.

1981இல் வெளிவந்த காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' இவ்வொலியை உலகறியச் செய்தது. அதில் மூன்றரை நிமிடத்துக்கும் மேலாகத் தாளத்துக்கு இயந்திரம் மட்டுமே மெல்ல ஒலிக்க, அதன்பிறகே டிரம் இடித்துக்கொண்டு நுழைகிறது. ஏ.எம்.எஸ். நிறுவனத்தின் ஆர்.எம்.எக்ஸ்.16 டிஜிட்டல் ரிவெர்ப் கருவியில் இருந்த 'நான்லின்' அமைப்பு, அறையோ தனி கேட்டோ இல்லாமலே இதைப் போன்ற ஒலியைத் தந்தது. தசாப்தத்தின் நடுவில் இது எங்கும் பரவியது; 1990களில் இயல்பான அறை ஒலிக்கு ரசனை திரும்பியதும் மங்கியது.

இன்று இதை மீட்டுருவாக்குவோர் ஸ்னேருக்கு அருகில் ஒரு மைக்கும், கல்சுவரோ வெறுந்தரையோ உள்ள அறையில் தொலைவில் இன்னொன்றும் வைக்கின்றனர். தொலை மைக்கைக் கடுமையாக அமுக்கி கேட்டில் விட்டு, அந்தக் கேட்டை அருகு மைக்கின் அடியால் திறக்கவைக்கின்றனர். திறந்திருக்கும் நேரம் பொதுவாக அரை நொடிக்கும் குறைவு. பாட்டின் வேகத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்வதில்தான் ஒலியின் உயிர் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.லின் அந்தப் பேச்சு மைக் கம்ப்ரஸரும் ஆர்.எம்.எக்ஸ்.16 கருவியும் கணினி மென்பொருளாகவும் வந்துள்ளன.