செபுவின் குழந்தை இயேசு



பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். சிவப்பு அங்கி, தலையில் கிரீடம், கையில் உலக உருண்டை. "சார், இங்கே கடை, வீடு, வண்டி எல்லாவற்றிலும் இந்தக் குழந்தை இயேசுதான். என்ன கதை?" என்று கேட்டிருந்தாள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். மெகல்லன் உலகைச் சுற்றி வந்தார் என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கிறேன். அது முழு உண்மையல்ல. அவர் பாதி வழியில் பிலிப்பைன்ஸில் இறந்தார். 1522இல் பயணத்தை முடித்து ஊர் திரும்பியவர் எல்கானோ. மன்னிக்கவும்.

1521 ஏப்ரலில் மெகல்லன் செபு தீவில் இறங்கினார். மன்னர் ஹுமபோனும் அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அரசிக்கு ஹுவானா என்று பெயரிட்டார்கள். மரத்தால் செய்த குழந்தை இயேசு சிலையைக் கண்டு அவர் கண்ணீர் விட்டார் என்று உடன் சென்ற பிகஃபெட்டா எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சிலை அவருக்குப் பரிசானது. இரண்டு வாரத்திற்குள், ஏப்ரல் 27 அன்று, பக்கத்துத் தீவான மக்தானில் நடந்த சண்டையில் மெகல்லன் கொல்லப்பட்டார். எஞ்சிய ஸ்பானியர்கள் தப்பி ஓடினார்கள்.

அதன்பின் 44 ஆண்டுகள் அங்கே பாதிரியார் இல்லை, கோவில் இல்லை, பூசை இல்லை. 1565 ஏப்ரலில் லெகாஸ்பி படையோடு வந்தார். பீரங்கி முழங்கியது, ஊர் எரிந்தது, மக்கள் மலைப்பக்கம் ஓடினார்கள். மறுநாள் எரியாமல் தப்பிய ஒரு வீட்டில், மரப்பெட்டிக்குள், ஹுவான் கமூஸ் என்பவர் அதே சிலையைக் கண்டெடுத்தார்.

ஸ்பானியர்கள் இதை அற்புதம் என்றார்கள்; நாட்டைப் பிடிக்க ஆண்டவரே காட்டிய அடையாளம் என்றும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பெட்டியில் வைத்து அதைக் காப்பாற்றியது யார்? ஊர் மக்கள்தானே! தங்கள் தெய்வங்களில் ஒன்றாக அதை வணங்கினார்கள், மழை வேண்டிக் கடல்நீரில் நனைத்தார்கள் என்று பிற்காலத் துறவிகளே எழுதியிருக்கிறார்கள். ஆகவே, வாளோடு வந்தவன் கொடுத்த பொருள் என்று மட்டும் இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வாள் இல்லாத அந்த 44 ஆண்டுகளில் யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லையே.

சிலை கிடைத்த இடத்தில் அகுஸ்தீன் சபையினர் எழுப்பிய கோவில் இன்று பசிலிக்கா. ஜனவரி மூன்றாம் ஞாயிறு திருவிழா. 'சினுலோக்' என்ற நடனத்தில் இரண்டடி முன்னே, ஓரடி பின்னே வைத்து ஆடுவார்கள். நீரோட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

மகளே, அடுத்த ஜனவரியில் நீ அங்கே இருந்தால் போய்ப் பார். அப்படியே மக்தானுக்கும் போய், மெகல்லனை எதிர்த்து நின்ற லாபுலாபுவின் சிலையையும் பார்த்துவிட்டு வா. இரண்டையும் பார்த்தால்தான் பாடம் முழுமை பெறும்.