கிறிஸ்துகுல ஆசிரமம்: ஜெபமும் மருத்துவமும்

ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் தோல் பதனிடும் தொழிலே பலருக்கும் நினைவுக்கு வரும். அவ்வூர்களுக்கு அருகிலுள்ள திருப்பத்தூரில் 1921-ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கப்பட்டது. அப்போது இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இந்தியாவில் சீர்திருத்தக் கிறிஸ்தவ மரபில் தோன்றிய தொடக்ககால ஆசிரமங்களுள் இதுவும் ஒன்று.

நிறுவனர்கள்

சவரிராயன் இயேசுதாசன் தமிழர். எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலைகள் நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவர்களான இருவரும் பிரிட்டனில் சந்தித்து நண்பர்களாயினர். ஆசிரமத்தில் இயேசுதாசன் ‘பெரியண்ணன்’ என்றும், அவரைவிட இளையவரான பேட்டன் ‘சின்னண்ணன்’ என்றும் அழைக்கப்பட்டனர். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், வெள்ளையர் ஒருவர் தமிழருக்குத் தம்பியாக வாழ்ந்தது சாதாரணச் செய்தி அல்ல.

ஆசிரம வாழ்க்கை

துறவு நெறியில் பொதுவாக இரு வழிகள் உண்டு. ஒன்று உலகை விட்டு விலகித் தவம் செய்வது. மற்றொன்று மக்களிடையே இருந்து தொண்டு செய்வது. நிறுவனர்கள் இரண்டையும் பிரிக்க விரும்பவில்லை. ஆசிரமத்தார் மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, ஒரு குடும்பமாக வாழ்ந்தனர். ஜெபக்கூடம் தென்னிந்தியக் கோயிற்கட்டட முறையில் எழுப்பப்பட்டது. அதே வளாகத்தில் மருத்துவமனையும் இயங்கியது. அமைதியாக இருந்து ஜெபித்தவர்களே நோயாளிகளையும் கவனித்தனர். ஜெபம் பணிக்கு வலிமை தரும் என்றும், பணியின்றி ஜெபம் தன்னலமாகிவிடும் என்றும் அவர்கள் கருதினர்.

வெளியுலகின் சோதனை

ஆசிரமச் சுவர்களுக்குள் மட்டும் இச்சமநிலையைக் காத்துக்கொள்ள முடியவில்லை. கதர் அக்காலத்தில் வெறும் எளிய உடை அன்று; விடுதலை இயக்கத்தின் அடையாளமும் ஆகும். 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில், கதர் அணிந்திருந்த பேட்டன் காவலர்களால் தாக்கப்பட்டார். இந்நிகழ்ச்சி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது. அகவாழ்வுக்காக ஏற்ற எளிமையே அவரை அரசியலின் நடுவில் நிறுத்தியது.

வரலாற்று முக்கியத்துவம்

அகவாழ்வையும் புறவாழ்வையும் சமன் செய்வது என்றால், நேரத்தை இரண்டாகப் பங்கிடுவது என்று பலர் எண்ணுவர். திருப்பத்தூர் காட்டிய வழி வேறு. அங்கே உடையும் உணவும் அண்ணன் தம்பி என்ற உறவும் அகத்துக்கும் புறத்துக்கும் பொதுவாக இருந்தன. அதற்குரிய விலையையும் அவர்கள் கொடுக்க வேண்டியிருந்தது.