கீமோ போர்ட்: வைப்பது ஒருநாள், காப்பது நர்ஸ்

கீமோவுக்கு ஒவ்வொரு முறையும் நரம்பு தேடிக் குத்தாமலிருக்க, நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்ன டப்பா வைப்பாங்க. அதுதான் போர்ட். மேலே சிலிக்கோன் மூடி. அதிலிருந்து ஒரு குழாய் இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் வரை போகும். 1982-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் நீடர்ஹூபர் குழு இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது.

ஆனா இதில் குத்துற ஊசி அதைவிடப் பழசு. சியாட்டில் பல் மருத்துவர் ரால்ஃப் ஹூபர் 1940-களில் வடிவமைத்தது. சாதாரண ஊசி மூடியைத் துணுக்காக வெட்டி எடுத்துடும்; நுனி வளைந்த ஹூபர் ஊசி விலக்கிட்டு நுழையும்.

போர்ட் வைப்பது டாக்டரின் ஒருநாள் வேலை. அப்புறம் எல்லாமே நர்ஸ் கையில். மருந்துக்கு முன்னாடி ரத்தம் திரும்பி வருதான்னு பார்க்கணும். 10 மில்லிக்குக் குறைந்த சிரிஞ்ச் கூடாது. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் வெடிக்கலாம். கீமோ இல்லாத காலத்திலும், வழக்கமா மாசம் ஒருமுறை, சலைன் விட்டுக் கழுவணும்.

நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்துடுச்சு. சென்னையில் போர்ட் வைத்துத் திரும்புறவருக்கு, ஊர்ப்பக்கம் இந்த ஊசியைப் பிடிக்கத் தெரிஞ்ச ஒரு நர்ஸும் வேணும். இல்லேன்னா சில நிமிஷ வேலைக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம்.